ஒன்றாவது படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் துணை



இன்றைய பேச்சு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. ஆறு வயது. புதுப் பை. புதுப் பென்சில். ஜூன் மாதம் மழையோடு மழையாகப் பள்ளிக்குப் போய் வரும் சின்னப் பிள்ளைகள்.

"எனக்கே இப்பத்தான் எழுத்துக் கூட்டத் தெரியும். நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?"

இப்படித்தான் பல தாய்மார்கள் கேட்கிறார்கள். ஐரோலியில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கனமானது. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் மராத்தி, அல்லது இந்தி, அல்லது ஆங்கிலம். தாராவியில் இருப்பவர்களுக்கு மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி தெரியும். கடல் கழியைத் தாண்டி ஐரோலிக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு மொழிப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் மராத்தி ஒரு பாடமாக உண்டு. 2020-ல் மகாராஷ்டிர அரசு அதற்குச் சட்டம் போட்டிருக்கிறது.

ஆகவே தாய் கற்றது தமிழ் எழுத்து. பிள்ளை கற்பது வேறு எழுத்து. இதில் தாய் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். ஒரு தாயின் கதையைக் கேளுங்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவனுக்குத் தானே - பேலாப்பூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சுமை ஏற்றும் வேலை. அவள் காலையில் இட்லி சுட்டு விற்கிறாள். பிறகு இரண்டு வீடுகளில் சமையல். மாலையில் எழுத்தறிவு வகுப்பு. அவளுடைய மகன் மராத்திப் பள்ளியில் ஒன்றாவது படிக்கிறான்.

ஒரு நாள் பையனின் கணக்கு நோட்டு வந்தது. பக்கம் முழுவதும் சிவப்புப் பென்சில். ஆசிரியை எண்ணைச் சொல்ல, பிள்ளைகள் எழுத வேண்டும். 21 என்று எழுத வேண்டிய இடத்தில் பையன் 12 என்று எழுதியிருந்தான். 32-க்கு 23. 41-க்கு 14. எல்லாம் தலைகீழ்.

அவளுக்குக் கோபம் வந்தது. "ஏல, தினமும் பள்ளிக்கூடம் போயி இதைத்தான் படிச்சியா?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். பையன் அழுதுகொண்டே படுத்துவிட்டான். சாப்பிடவும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்திக்காரப் பெண்மணி. பையன் அவரை மௌஷி என்று கூப்பிடுவான். மராத்தியில் மௌஷி என்றால் சித்தி, பெரியம்மா. சத்தம் கேட்டு அவர் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"பையன் மேல் தப்பு இல்லை. அவன் காதில் கேட்டபடிதான் எழுதியிருக்கிறான்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். மராத்தியில் ஒன்று என்பது ஏக். இருபது என்பது வீஸ். இருபத்தொன்றை ஏக்வீஸ் என்பார்கள். அதாவது முதலில் ஒன்று, பிறகு இருபது. பையன் காதில் முதலில் விழுந்தது ஒன்று. அதை முதலில் எழுதினான். அடுத்து இரண்டை எழுதினான். 12 ஆகிவிட்டது.

இருபத்தொன்பது இன்னும் சிக்கல். அதை ஏகோண்தீஸ் என்பார்கள். முப்பதுக்கு ஒன்று குறைவு என்று அர்த்தம். ஒன்பது என்ற சொல்லே அதில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுமை!

அந்தத் தாய் திகைத்துப் போனாள். அடித்த கை அவளுக்கே வலித்தது.

இது அவள் வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. 2019-ல் மகாராஷ்டிரம் முழுவதும் இதைப் பற்றி வாதம் நடந்தது. பால்பாரதி என்பது அரசின் பாடநூல் நிறுவனம். அது இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புதிய முறையைச் சேர்த்தது. ஏக்வீஸ் என்பதை வீஸ் ஏக், அதாவது இருபது ஒன்று, என்றும் சொல்லலாம் என்றது. கணிதம் கற்ற மங்களா நார்லிகர் என்ற அம்மையார் அப்போது அந்தப் பாடக் குழுவின் தலைவியாக இருந்தார். பிள்ளைகள் எண்ணைத் திருப்பி எழுதிக் குழம்புகிறார்கள் என்பதுதான் காரணம். மொழியைக் கெடுக்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். சட்டசபை வரை பேச்சு போயிற்று. படித்தவர்களே கூடி வாதாடிய விஷயம் இது. இதற்கு ஒரு சின்னப் பையன் முதுகில் அடி வாங்கினான்!

இப்போது தமிழ் எண்களைச் சொல்லிப் பாருங்கள். இருபத்தொன்று. முதலில் இருபது, பிறகு ஒன்று. முப்பத்திரண்டு. முதலில் முப்பது, பிறகு இரண்டு. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றுதான். பதினொன்றிலும் பத்துதான் முதலில் வரும். ஆங்கிலத்தில் கூட அப்படி இல்லை. தேர்ட்டீன் என்றால் முதலில் மூன்று, பிறகு பத்து. அதனால் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளையும் 13-ஐ 31 என்று எழுதும்.

(தமிழிலும் ஒரு கோணல் உண்டு. 90-ஐத் தொண்ணூறு என்கிறோம். நூறு என்று காதில் விழும். அங்கே மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.)

ஆகவே அந்தத் தாய்க்கு ஒன்றும் தெரியாது என்பது சரியா? மராத்திக் கணக்குக்கு உதவும் ஒரு சாவி அவள் வாயிலேயே இருந்தது.

மறுநாள் அவள் தீக்குச்சிகளை எடுத்தாள். மருந்து இல்லாத பக்கம் தெரியும்படி, பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினாள். சில குச்சிகளைத் தனியாக வைத்தாள். மௌஷி வாசலில் உட்கார்ந்து "ஏக்வீஸ்" என்றார். பையன் பென்சிலை எடுத்தான்.

"இரு. எழுதாத. முதல்ல குச்சியை எடு" என்றாள் தாய்.

பையன் இரண்டு கட்டு எடுத்தான். ஒரு தனிக் குச்சி எடுத்தான்.

"இது தமிழ்ல எத்தனை?"

"இருபத்தி ஒண்ணு."

"எது முதல்ல?"

"இருபது."

"கட்டு எத்தனை?"

"ரெண்டு."

"அப்போ எழுது."

21 என்று எழுதினான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளும் 35-ஐ 53 என்று எழுதினான். ஆனால் இப்போது தாய்க்குக் காரணம் தெரியும். அதனால் கை ஓங்கவில்லை. "குச்சியை எடு" என்று மட்டும் சொன்னாள். சில வாரங்களில் பையன் குச்சி இல்லாமலே, வாய்க்குள் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினான்.

குச்சிக்குப் பதில் காசும் வைக்கலாம். இரண்டு பத்து ரூபாய் நாணயம், மூன்று ஒரு ரூபாய் நாணயம். மொத்தம் 23. காசு என்றால் பிள்ளைகள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். இட்லி வேகும்போதும் கணக்கு உண்டு. ஒரு தட்டில் நாலு குழி. மூன்று தட்டு வைத்தால் எத்தனை இட்லி? இரண்டு இட்லியைத் தங்கச்சி தின்றுவிட்டால் மீதி எத்தனை? வாய்க்கணக்குதான். நோட்டு வேண்டாம்.

ஒன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்? மத்திய அரசு 2021 ஜூலையில் நிபுண் பாரத் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் இதற்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறார்கள். 99 வரை எண்களைப் படிக்க, எழுத வேண்டும். சின்னக் கூட்டல், கழித்தல் தெரிய வேண்டும். நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியத்தைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆயிரம் வரை ஒப்பிக்கிறது என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

எண்ணின் வடிவத்திலும் ஒரு குழப்பம் வரும். மராத்திப் பள்ளியில் எழுதும் எண்கள் வேறு வடிவம். மராத்தி ஒன்று, பார்ப்பதற்கு நமது 9 போலவே இருக்கும். கடைச் சீட்டில் 9 ரூபாய் என்று இருந்தால் பிள்ளை அதை ஒன்று என்று படிக்கலாம். அதற்குக் கண் தெரியவில்லை, மூளை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. "இது பள்ளிக்கூட எண், இது கடை எண்" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

இனி வாசிப்புக்கு வருவோம்.

அந்தப் பையன் மராத்திப் புத்தகத்தைத் திறந்து பாடத்தைக் கடகடவென்று படிப்பான். தாய்க்குப் பெருமையாக இருக்கும். ஒரு நாள் அவள் பார்த்தாள். பையன் ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்துக்கொண்டே பாடத்தைப் படிக்கிறான்! கண் புத்தகத்தில் இல்லை. வாய் மட்டும் ஓடுகிறது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொன்னதை மனப்பாடம் செய்திருக்கிறான்.

மனப்பாடம் கெட்டது அல்ல. ஆனால் அது வாசிப்பு அல்ல. எழுத்தறிவு வகுப்பில் படித்த உங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல் வந்த அந்த முதல் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறவியிலேயே படித்தவர்கள் போல நடப்பவர்களுக்குத்தான் அது மறந்துபோகும்.

மராத்தி எழுத்துத் தெரியாத தாய் இதை எப்படிச் சோதிப்பாள்? வழி இருக்கிறது.

முதலில், பையன் விரலை வைத்துப் படிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒருமுறை விரல் நகர வேண்டும். விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போனால் அது மனப்பாடம். அடுத்து, படத்தைக் கையால் மூடிக்கொண்டு நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்க வேண்டும். இன்னொரு நல்ல வழியும் உண்டு. ஒரே மாதிரி எழுதியிருக்கும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் தேடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் வடிவம் கண்ணுக்குத் தெரியுமே! மேலே இருப்பதைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இருப்பதைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் பிள்ளை படிக்கிறது. வேறு வேறு பதில் வந்தால் ஊகிக்கிறது.

அந்தத் தாய் இப்படித்தான் செய்தாள். பையன் மாட்டிக்கொண்டான். அவள் திட்டவில்லை. "நாளைக்கு இந்த ஒரு வரியை மட்டும் படிச்சுக் காட்டு" என்றாள். ஒரு பக்கம் ஒப்பிப்பதை விட ஒரு வரி படிப்பது பெரிது.

மராத்தி எழுத்துகள் மேலே ஒரு கோட்டில் தொங்கும். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. தமிழில் அந்தக் கோடு கிடையாது. தமிழில் கப்பலுக்கும் கணபதிக்கும் ஒரே 'க' எழுதுகிறோம். மராத்தியில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழின் ஒரு 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து இருக்கிறது. தமிழ் வீட்டுப் பிள்ளை இந்த நாலையும் மாற்றி மாற்றி எழுதினால் ஆச்சரியம் இல்லை. காது பழக நாளாகும். வாசலில் மராத்திப் பிள்ளைகளோடு விளையாட விடுவது இதற்கு நல்ல பாடம்.

வீட்டில் தமிழ் பேசினால் பள்ளிப் படிப்பு கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அரைகுறை இந்தியிலும் இங்கிலீஷிலும் பிள்ளையோடு பேசுகிறார்கள். இது தேவை இல்லாத பயம். கதை கேட்டு, கேள்வி கேட்டு, பதில் சொல்லிப் பழகிய பிள்ளை எந்த மொழியிலும் அதைச் செய்யும். ஆச்சி சொன்ன நரிக் கதையைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "அப்புறம் நரி என்ன செஞ்சிருக்கும்?" என்று கேளுங்கள். இதுவும் படிப்புத்தான்.

ரயிலில் போகும்போதும் படிக்கலாம். ஐரோலியில் ஏறினால் ரபாளே, கன்சோலி, கோபர்கைரணே, துர்பே, சான்பாடா, வாஷி. ஒவ்வொரு நிலையத்திலும் பெரிய பலகை. முதலில் பெயரைக் காதால் கேட்கலாம். பிறகு பலகையில் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பையன் முதன்முதலில் தானாகப் படித்த சொல் எது தெரியுமா? ஐரோலிதான். பலகையைக் காட்டி ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினானாம்.

எழுதுவதற்கு அவசரப்படக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையின் விரல்கள் இன்னும் பிஞ்சு. பத்துத் தரம், இருபது தரம் எழுது என்று உட்கார வைத்தால் கைதான் வலிக்கும். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத விடலாம். விஜயதசமி அன்று அரிசியில் எழுத வைக்கிறோமே, அதேதான். வாசலில் சாக்பீஸால் புள்ளிக் கோலம் போட விடலாம். பையன் என்றால் கோலம் போடக் கூடாதா என்ன? ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. எண்ணவும் பழகும், கையும் வளையும். 3, 6 போன்ற எண்களைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தால் மட்டும் கண்ணைக் காட்ட வேண்டும்.

எழுதுவதற்கு ஒரு காரணம் இருந்தால் பிள்ளை விரும்பி எழுதும். கடைக்கு வாங்க வேண்டியதை எழுதலாம். டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டலாம். அது தமிழிலும் இருக்கட்டும், மராத்தியிலும் இருக்கட்டும். தமிழை நீங்கள் எழுதுங்கள். மராத்தியைப் பிள்ளை எழுதட்டும்.

டியூஷன் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வசதி இருந்தால் வைக்கலாம். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மாலையில் மறுபடி ஒரு மணி நேரம் அடைத்து வைத்து, வீட்டுப்பாடத்தை அங்கே பார்த்து எழுத வைத்து அனுப்பினால், நோட்டு நிறையும். பிள்ளை நிறையாது. அந்தப் பணத்தில் பாலும் முட்டையும் வாங்குவது மேல்.

தாய் படித்தால் பிள்ளைக்கு உண்மையிலேயே பலன் உண்டா? இதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பிரதம் என்ற அமைப்பு 1995-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் வேலையைத் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. பீகார், ராஜஸ்தான் கிராமங்களில் அது தாய்மார்களோடு வேலை செய்தது. சிலருக்கு எழுத்தும் கணக்கும் கற்றுக் கொடுத்தார்கள். சிலருக்கு வீட்டில் பிள்ளையோடு எப்படி உட்கார்வது என்று காட்டினார்கள். சிலருக்கு இரண்டும். அதன் முடிவு 2017-ல் அச்சில் வந்தது. மூன்று வகையிலும் பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. பெரிய முன்னேற்றம் அல்ல, சிறிய முன்னேற்றம்தான். பொய்யாகப் பெருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மார்கள் பிள்ளையின் படிப்பில் முன்பை விட அதிகமாகக் கலந்துகொண்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் பள்ளிகளை ஒட்டித் தாய்மார் குழுக்கள் இருக்கின்றன. 2022-ல் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்காக 'பஹிலே பாவுல்', அதாவது முதல் அடி, என்ற பெயரில் மேளாக்கள் நடந்தன. உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். மராத்தி சரளமாக வராவிட்டாலும் போங்கள். ஆசிரியையிடம் இரண்டு கேள்வி போதும். "என் பிள்ளைக்கு எது வருகிறது? எது வரவில்லை?" நல்ல மார்க்கா, கெட்ட மார்க்கா என்று கேட்பதை விட இது பயன்படும்.

பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வந்து நிற்காது. ஆனால் அடிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? தெரியாததை மறைக்கும். அந்தப் பையனும் முதலில் நோட்டை மறைத்துத்தான் வைத்திருந்தான்.

இப்போது அவர்கள் வீட்டில் இரவுச் சமையல் முடிந்ததும் இருபது நிமிடம். அதற்கு மேல் இல்லை. தொலைக்காட்சி அணைந்திருக்கும். கைபேசி அலமாரியில் இருக்கும். கணவன் சீக்கிரம் வந்தால் அவனும் உட்காருவான். பையன் தன் மராத்திப் புத்தகத்தில் ஒரு வரி படிப்பான். தாய் தன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரி படிப்பாள். தமிழ் எழுத்துகளைப் பையனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தே கொஞ்சம் பிடித்துக்கொண்டான்.

போன வாரம் தாய் படித்துக்கொண்டிருந்தாள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படித்துவிட்டாள். பையன் விரலை நீட்டினான்.

"அம்மா, நடுவுல ஒரு எழுத்தை விட்டுட்ட."

"எங்கல?"

"இங்க. புள்ளி வச்ச எழுத்து."

அவள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.